கோட்டை வாசலில் நின்ற தாய்க்கு விடைக்குறிப்பில் இடம் வேண்டும்

ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும், வினாத்தாள் அமைப்பவர்களுக்கும், வகுப்பறையில் அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியத் தோழர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற பருவத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஐந்து நாட்கள் உட்கார்ந்திருந்தேன். முதுகலை மாணவர்களின் தாள். டிரான்சில்வேனியக் கோட்டையிலிருந்து லண்டனுக்கு வரும் இரத்தக் காட்டேரிப் பிரபுவின் கதையான பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் இனமும் பேரரசும் எப்படி வெளிப்படுகின்றன என்று ஒரு கேள்வி, அதற்குப் பத்து மதிப்பெண். என்னிடம் வந்த கட்டில் பெரும்பாலான விடைகள் ஒரே பத்தியோடு தொடங்கின. 'டிராகுலா காலனியாக்கப்பட்ட மக்களின் குறியீடு. அவன் லண்டனுக்கு வருவது தலைகீழ்க் காலனியாக்கம். பேரரசு தன் பாவத்துக்குப் பயப்படுகிறது.' கையேட்டில் இருந்த எழுத்துப்பிழையும் அப்படியே தாளுக்குத் தாள் வந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு விடை மட்டும் வேறாக இருந்தது. அந்த மாணவியோ மாணவனோ யாரென்று எனக்குத் தெரியாது, பதிவெண் மறைக்கப்பட்டிருந்தது. லண்டனைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு, மீதி ஒன்றரைப் பக்கமும் கோட்டை வாசலில் வந்து கதறும் ஒரு கிராமத்துத் தாயைப் பற்றி எழுதியிருந்தார். 'அவள் குழந்தையின் இரத்தம் எந்தப் பேரரசின் அச்சத்தில் சேரும்?' என்று முடித்திருந்தார். விடைக்குறிப்பைப் புரட்டினேன். ஐந்து குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். அந்தத் தாய் எதிலும் இல்லை. நான்கு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அது சரியில்லை என்று அன்றிரவே தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

நாம் கற்பிக்கும் அந்த வாசிப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. 1990இல் இலக்கிய விமர்சகர் ஸ்டீபன் அராட்டா 'விக்டோரியன் ஸ்டடீஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'தலைகீழ்க் காலனியாக்கம்' என்ற சொல் நம் வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை இந்த நாவலைப் பெரும்பாலும் அடக்கிவைத்த காமத்தின் கதையாகத்தான் படித்தார்கள். அராட்டா அதை ஆட்சியின் கதையாகத் திருப்பிப் போட்டார். ஊர் ஊராகப் போய் நிலத்தைப் பிடித்து, மக்களின் பழக்கவழக்கங்களைக் குறித்துவைத்து, அவர்களைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த நாடு, அதே வேலையை வேறொருவன் தனக்குச் செய்வானோ என்று நடுங்குகிறது. வருகிறவனின் முகத்தில் தன் முகத்தையே பார்க்கிறது. இதுதான் அவர் வாதத்தின் சாரம். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த வாதம் நிற்கிறது.

1897 மே 26 அன்று நாவல் வெளிவந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 22இல் விக்டோரியா மகாராணியின் வைர விழா ஊர்வலம், காலனி நாடுகளின் படைவீரர்கள் புடைசூழ லண்டன் தெருக்களில் போனது. செவ்வாய்க்கிரகத்தார் இங்கிலாந்தின்மேல் படையெடுக்கும் எச். ஜி. வெல்ஸின் கதையும் அதே ஆண்டில்தான் தொடராக வந்துகொண்டிருந்தது. டாஸ்மேனியர்களை நாம் துடைத்தெறியவில்லையா என்று தொடக்கத்திலேயே வெல்ஸ் வாய்விட்டுக் கேட்கிறார். ஆக, அச்சம் காற்றில் இருந்தது. அராட்டா அதைக் கற்பனை செய்யவில்லை.

நாவலுக்குள்ளும் சான்றுகள் கிடக்கின்றன. பிரபுவுக்கு லண்டனில் வீடு வாங்கித் தரும் வேலையாகக் கோட்டைக்குப் போகும் ஆங்கிலேய வழக்கறிஞன் ஜோனதன் ஹார்க்கர், கிழக்கே போகப் போக ரயில்கள் நேரத்துக்கு வருவதில்லை என்று சலித்துக்கொள்கிறான். அப்படியென்றால் சீனாவில் எப்படி இருக்குமோ என்கிறான். கோட்டைக்குள் நுழைந்தால், பிரபுவின் நூலகத்தில் லண்டன் முகவரிப் புத்தகமும் சட்டத்தரணிகள் பட்டியலும் தரைப்படை, கடற்படை அதிகாரிகளின் பட்டியலும் இருக்கின்றன. பிரபு ஒரு நாள் சோபாவில் சாய்ந்துகொண்டு இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறான். கிழக்கைப் படிக்கப் போனவனை, மேற்கைப் படித்து முடித்தவன் வரவேற்கிறான். கடைசியில் பிரபுவின் கழுத்தில் பாயும் கத்தி எது? குக்ரி. இந்தியப் படையின் கூர்க்கா வீரர்கள் இடுப்பில் செருகியிருந்த அதே ஆயுதம், எக்ஸிட்டரிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞனின் கையில். பேரரசு வென்று எடுத்துவந்த கத்தியால் பேரரசு காப்பாற்றப்படுகிறது. இதையெல்லாம் பார்க்கக் கண் கொடுத்த வாசிப்பை நான் எப்படி மறுக்க முடியும்?

நம் கைக்கு வந்தபின் அது என்ன ஆயிற்று என்பதுதான் என் மனத்தாங்கல்.

டிராகுலா காலனியாக்கப்பட்டவர்களின் குறியீடு என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். அராட்டா அப்படிச் சொல்லவில்லை. அவர் காட்டும் பிரபு வெற்றி கொள்ளும் இனத்தின் வாரிசு. நாவலும் அதைத்தான் சொல்கிறது. நாங்கள் செக்லர்கள் (டிரான்சில்வேனியாவில் ஹங்கேரிய மொழி பேசும் ஓர் இனத்தார்), எங்கள் நரம்புகளில் பல வீர இனங்களின் இரத்தம் ஓடுகிறது என்று ஓர் இரவு முழுவதும் பெருமை பேசுகிறான் அவன். ஹூணர் மன்னன் அட்டிலா வரை வம்சாவளியை இழுத்துக்கொண்டு போகிறான். தன் மண்ணின் குடியானவர்களைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். அவர்கள் உள்ளூரக் கோழைகள், மூடர்கள் என்கிறான். தலைவன் இல்லாத குடியானவர்களால் என்ன பயன் என்று கேட்கிறான். இது அடக்கப்பட்டவனின் குரலா? பண்ணையாரின் குரல். நம் ஊர்களில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தாம் அந்த விடைத்தாள்களை எழுதியவர்கள். கையேட்டை மூடிவைத்துவிட்டு நாவலைத் திறந்திருந்தால் அவர்களுக்கு ஒரு நொடியில் பிடிபட்டிருக்கும்.

அந்தத் தவறு ஏன் நேர்கிறது என்பதும் எனக்குப் புரியாமலில்லை. பிரபு ஹார்க்கரிடம் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் இலக்கணம் தெரியும், சொற்கள் தெரியும், ஆனால் பேசத் தெரியவில்லை என்கிறான். லண்டனில் தான் வாய் திறந்ததும், இவன் அந்நியன் என்று யாரும் சிரித்துவிடக் கூடாது என்கிறான். இந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்தபோது கடைசி வரிசை வரை அமைதியானதை நான் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, நேர்முகத் தேர்வில் உச்சரிப்புக்காகக் கூனிக்குறுகிய பிள்ளைகளுக்கு அந்த வரி நெஞ்சில் தைக்கிறது. தைக்கட்டும். அந்த வலியிலிருந்து தொடங்குவது நல்ல வாசிப்புத்தான். ஆனால் ஆசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காட்ட வேண்டும். ஆங்கிலத்துக்கு முன்னால் கூசுகிற அதே மனிதன் தன் ஊர் ஏழையின் குழந்தையைச் சாக்குப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறான்.

அந்தச் சாக்குப்பையிலிருந்துதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது.

ஜூன் 24 நாட்குறிப்பு. பிரபு வெளியே போகிறான். அவன் உடுத்தியிருப்பது ஹார்க்கர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பயண உடை. காரணத்தை ஹார்க்கரே ஊகித்துவிடுகிறான். தான் செய்யும் கொடுமைகளை இந்த வெளிநாட்டுக்காரன் செய்ததாக ஊரார் நினைக்க வேண்டும் என்று பிரபு திட்டமிட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் கழித்துத் தலைவிரி கோலமாக ஒரு பெண் முற்றத்துக்கு ஓடிவருகிறாள். சன்னலில் ஹார்க்கரின் முகத்தைப் பார்க்கிறாள். அரக்கனே, என் குழந்தையைக் கொடு என்று கத்துகிறாள். மண்டியிடுகிறாள், மாரில் அடித்துக்கொள்கிறாள், வெறுங்கையால் கதவைத் தட்டுகிறாள். மேலே எங்கிருந்தோ பிரபுவின் குரல் ஓநாய்களைக் கூப்பிடுகிறது. அவை வருகின்றன. அவள் அலறக்கூட இல்லை.

ஹார்க்கர் என்ன எழுதுகிறான்? அவளுக்காக இரங்க முடியவில்லை என்கிறான். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தனக்குத் தெரியும், அவள் செத்ததே நல்லது என்கிறான்.

அவள் கண்ணுக்கு அரக்கன் ஓர் ஆங்கிலேயன். அவள் பார்த்த உடை ஆங்கிலேய உடை. அவள் பார்த்த முகம் ஆங்கிலேய முகம். நாவல் முழுவதிலும் 'அரக்கன்' என்ற சொல் ஆங்கிலேயனின் முகத்துக்கு நேராக வீசப்படும் இடம் இது, வீசுகிறவள் ஒரு குடியானவப் பெண். பேரரசையும் இனத்தையும் பற்றிப் பேச இதைவிட வளமான இடம் இந்த நாவலில் எனக்குத் தெரிந்து இல்லை. பிரபு ஹார்க்கரின் உடையை மாட்டிக்கொண்டதைத் தலைகீழ்க் காலனியாக்க வாசிப்பு கவனிக்கிறது. வேடம், உச்சரிப்பு, ஆங்கிலேயனாக நடித்தல் என்று அழகாக விளக்குகிறது. அந்த உடையைப் பார்த்து ஏமாந்தவள் வகுப்புக் குறிப்புக்கு வந்து சேர்வதற்குள் காணாமல் போய்விடுகிறாள்.

லண்டனில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரபு கடித்து இரத்தக் காட்டேரியாகிவிட்ட லூசி என்ற ஆங்கிலப் பெண், ஹாம்ஸ்டெட் மேட்டில் விளையாடும் ஏழைக் குழந்தைகளைக் கடிக்கிறாள். உடனே பத்திரிகையில் செய்தி வருகிறது. குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். டாக்டர்கள் கழுத்துக் காயத்தைப் பரிசோதிக்கிறார்கள். பிரபுவை எதிர்க்கும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கும் டாக்டர் சீவர்டும் தேடிக்கொண்டு போகிறார்கள். லண்டன் குழந்தையின் கழுத்தில் இரண்டு புள்ளி விழுந்ததும் நாவலின் எந்திரம் முழுவதும் ஓடத் தொடங்குகிறது. டிரான்சில்வேனியக் குழந்தைக்கு ஒரு பை, ஒரு முனகல், அவ்வளவுதான். எத்தனை நூற்றாண்டுகளாக அந்தப் பிரபு அந்த ஊர்க் குழந்தைகளைத் தின்றுகொண்டிருந்தான்! அதுவரை அது உள்ளூர் மூடநம்பிக்கை. அவன் கப்பலேறிய பிறகுதான் உலகத்துக்கு ஆபத்து.

லண்டனிலிருந்து தப்பியோடும் பிரபுவைத் துரத்திக்கொண்டு நம் கதாநாயகர்கள் போய்ச் சேரும் கலட்ஸ் துறைமுகக் காட்சியையும் சொல்ல வேண்டும். ஸ்கின்ஸ்கி என்ற தரகன் கல்லறைத் தோட்டத்தில் கழுத்து கிழிந்து கிடக்கிறான். இது ஸ்லோவாக்கியன் ஒருவனின் வேலைதான் என்று அங்கிருந்த பெண்கள் கூக்குரலிடுகிறார்கள். கொன்றது யார் என்பது நம் கதாநாயகர்களுக்குத் தெரியும். அவர்கள் என்ன செய்கிறார்கள்? விசாரணையில் மாட்டிக்கொண்டால் பயணம் தாமதமாகும் என்று விரைந்து வெளியேறுகிறார்கள். ஓர் இனத்தின் தலையில் கொலைப்பழி விழுவதைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அதே துறைமுகத்தில் வரும் யூத வணிகனை ஸ்டோக்கர் எப்படி வருணிக்கிறார்! நாடக மேடையின் கேலிப் பாத்திரம், ஆட்டுமூக்கு, தலையில் துருக்கித் தொப்பி. கோட்டை முற்றத்தில் முகாமிடும் ரோமா மக்களைச் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர்கள் என்கிறார். பக்கத்து நாடுகளான மோல்டேவியாவிலும் வலாகியாவிலும் ரோமாக்கள் சட்டப்படியே அடிமைகளாக இருந்தார்கள். 1855, 1856ஆம் ஆண்டுகளில்தான் அந்த அடிமைமுறை ஒழிந்தது. ஸ்டோக்கர் அப்போது சிறுவன். சட்டமே விலைக்கு விற்ற மக்களைச் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் என்று எழுதுவதற்குப் பெயர்தான் இனவாதம். இதைச் சொல்ல எந்தக் குறியீடும் தேவையில்லை. வரி வரியாக அச்சில் இருக்கிறது.

ஹார்க்கர் கோட்டைக்குப் போகும் வழியில் கிளவுசன்பர்க் நகரில் ஓர் இரவு தங்குகிறான். மிளகாய்ப்பொடி போட்ட கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, செய்முறையைத் தான் மணக்கவிருக்கும் மினாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்கிறான். இன்றைய க்ளுஜ் அது. டிரான்சில்வேனியா அப்போது ஹங்கேரியின் கையில் இருந்தது. அங்கே எண்ணிக்கையில் பெரும்பான்மையான ருமேனியர்களுக்கு அரசியலில் இடமில்லை. தங்களுக்கு உரிமை வேண்டும் என்று 1892இல் பேரரசருக்கு மனு எழுதிய ருமேனியத் தலைவர்களை 1894இல் அதே நகரில் நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்பினார்கள். நாவல் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு! டிரான்சில்வேனியாவை 'கிழக்கு' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கி, பிரிட்டனின் காலனிகளுக்குப் பதிலியாக வைத்து விளக்குகிறோம். அந்த மண்ணில் ஆண்டவர்கள் யார், ஆளப்பட்டவர்கள் யார் என்று கேட்பதேயில்லை. ஸ்டோக்கரும் அங்கே போனதில்லை. இங்கிலாந்தின் விட்பி ஊர் நூலகத்திலும் லண்டனிலும் புத்தகங்களைப் படித்துக் குறிப்பெடுத்தார். அவர் செய்த அதே வேலையை நாமும் செய்யலாமா?

அவருடைய குறிப்புகளில் ஒரு பெரும்பகுதி எமிலி ஜெரார்ட் எழுதியவற்றிலிருந்து வந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை அதிகாரி ஒருவரை மணந்து டிரான்சில்வேனியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து எழுத்தாளர். 1885இல் அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் இரத்தக் காட்டேரியைக் குறிக்கும் 'நோஸ்ஃபெராட்டு' என்ற சொல் ஸ்டோக்கருக்குக் கிடைத்தது. ஜெரார்டுக்கு அந்தக் கதைகளைச் சொன்னவர்கள் யார்? அந்த ஊர் மக்கள். இந்தக் கோணத்தில் நாவலைத் திரும்பப் படித்தேன்; எனக்கே புதிதாக ஒன்று தென்பட்டது. ஹார்க்கரைக் காப்பாற்றுவது எது? வழியில் அவன் தங்கிய பிஸ்ட்ரிட்ஸ் ஊர் விடுதிக்காரியம்மாள் தன் கழுத்திலிருந்து கழற்றி, உங்கள் தாய்க்காகவாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று மாட்டிவிட்ட சிலுவை. அது விக்கிரக வழிபாடு என்று ஹார்க்கர் தயங்குகிறான். சவரம் செய்யும்போது கீறிக்கொண்ட அன்று பிரபுவின் கை அவன் தொண்டைக்குப் பாய்ந்து, அந்த மணிமாலையில் பட்டுத்தான் விலகுகிறது. பூண்டு, காட்டு ரோஜா எல்லாமே வண்டியில் உடன்வந்த ஏழைகள் கொடுத்த அறிவு. பல இயல்களுக்குப் பிறகு அதே பூண்டு மறுபடி வருகிறது. இப்போது அது ஹாலந்தில் ஹார்லம் நகரத்துக் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த பூண்டு. கொண்டுவருகிறவர் பல பட்டங்கள் பெற்ற பேராசிரியர். விடுதிக்காரியின் அறிவு பேராசிரியரின் அறிவாகிவிட்டது. அவள் பெயர் எங்கும் இல்லை. பேரரசுகள் நிலத்தையும் தங்கத்தையும் மட்டுமா எடுத்துக்கொண்டன? மருந்தையும் பாட்டையும் கதையையும்கூட இப்படித்தான் எடுத்துக்கொண்டன.

ஸ்டோக்கரின் சொந்த நாட்டைப் பற்றிய வாசிப்புகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டப்ளினில் பிறந்தவர், டப்ளின் கோட்டை அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அயர்லாந்தின் நீதிமன்ற எழுத்தர்களுக்கு 1879இல் கையேடு எழுதியவர். 1885 அக்டோபரில் லண்டனின் 'பஞ்ச்' இதழ் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட தேசிய லீக் என்ற அமைப்பை இரத்தம் குடிக்கும் வௌவாலாக வரைந்தது. அடுத்த மாதமே இங்கிலாந்தை வௌவாலாக வரைந்து ஐரிஷ் தரப்பிலிருந்து பதில் படம் வந்தது. யார் யார் இரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்பது அங்கே நாள்தோறும் நடந்த சண்டை. குடியானவர்கள் பட்டினியில் சாக, மண்ணைப் பெட்டி பெட்டியாக உடன்கொண்டு லண்டனுக்குப் போகும் நிலப்பிரபு என்று பிரபுவைப் பார்க்கும் ஐரிஷ் வாசிப்பு, கோட்டை வாசல் தாய்க்கு மற்ற வாசிப்புகளைவிட நெருக்கமாக வருகிறது. பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. இனத்தைப் பற்றிய அலகில் 'டிராகுலா' ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, இனம் வெளிப்படையாகவே பேசப்படும் கதைகளை விட்டுவிடுகிறோம். ஐரிஷ் எழுத்தாளர் லெ ஃபானுவின் இரத்தக் காட்டேரிக் கதையான 'கார்மில்லா' 1872க்குள் வந்துவிட்டது. அதில் கவிழ்ந்த வண்டிக்குள்ளிருந்து தலைப்பாகை கட்டிய ஒரு கறுப்பினப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே பார்க்கிறாள். ஒரு பத்தியில் வந்து மறைந்துவிடுகிறாள். கதை அவளைப் பற்றி அதற்கப்புறம் எதையும் விளக்கவில்லை. 'டிராகுலா' வந்த அதே 1897இல் ஃபிளாரன்ஸ் மேரியட் எழுதிய 'தி பிளட் ஆஃப் தி வேம்பயர்' வெளிவந்தது. ஜமைக்காவில் பிறந்த ஹாரியட் பிராண்ட் என்ற கலப்பினப் பெண் அதன் நாயகி. அவள் யாரையும் கடிப்பதில்லை. அன்பு வைக்கிறாள், அவ்வளவுதான். அன்புக்குரியவர்கள் நலிந்து சாகிறார்கள். உன் இரத்தத்தில் இருக்கும் குற்றம் இது, நீ மணம் செய்துகொள்ளக் கூடாது என்று ஒரு டாக்டர் அவளிடம் சொல்கிறார். மீறி மணந்தவள், கணவன் இறந்ததும் மருந்தைக் குடித்து உயிரை விடுகிறாள். அந்த டாக்டரின் வாக்கியத்தை நம் மாணவர்கள் படிக்க வேண்டும். இரத்தத்தில் தீட்டு இருக்கிறது, கலந்தால் கெடும் என்ற பேச்சு அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் கேட்ட பேச்சு. மேரியட் 1854இல் மெட்ராஸ் படையைச் சேர்ந்த அதிகாரியை மணந்து இந்தியாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அந்த நாட்களைப் பற்றி 1868இல் தனி நூலே எழுதினார். மெட்ராஸின் வெள்ளையர் குடியிருப்புகளில் வாழ்ந்த ஒருவரின் நாவலைச் சென்னையிலும் மதுரையிலும் இருந்துகொண்டு நாம் பாடத்தில் வைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னொன்றும் இதில் கலந்திருக்கிறது. முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளத்தை 1870இல் ரிச்சர்டு பர்ட்டன் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது தலைப்பில் வைத்த சொல் 'வேம்பயர்'. அதற்கு முன்பே 1831இல், மெட்ராஸ் அரசுப் பணியில் இருந்த பாபிங்டன், தமிழ் 'வேதாளக் கதை'யை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். நம் வேதாளம் யார் இரத்தத்தைக் குடித்தது? பிணத்துக்குள் புகுந்துகொண்டு, அரசனின் தோளில் சவாரி செய்து, நீதி எது என்று கேள்வி கேட்டது. கேள்வி கேட்கும் பேய் ஆங்கிலத்துக்குப் போனதும் இரத்தம் குடிக்கும் பேயாகிவிட்டது. பர்ட்டன் ஸ்டோக்கருக்குப் பழக்கமானவர். அவர் பேசும்போது மேலுதடு விலகிக் கோரைப்பல் கத்திபோல் மின்னியதாக ஸ்டோக்கர் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். பேரரசின் புகழ்பெற்ற பயணியின் வாயில்தான் அவர் அந்தப் பல்லைப் பார்த்திருக்கிறார்.

நாமும் திருப்பி அதையே செய்தோம். 'வேம்பயர்' என்ற சொல்லுக்கு 'இரத்தக் காட்டேரி' என்று போட்டோம். நானும் இந்த மடலில் அதைத்தான் எழுதியிருக்கிறேன், வேறு சொல் பழக்கத்தில் இல்லை. என் அப்பாயி காட்டேரிக்குப் படைப்பவர். வீட்டுக்குப் பின்னால், இருட்டியபிறகு, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் முட்டையும் முறத்தில் வைத்து, வயிற்றுப்பிள்ளைக்காரியைக் காப்பாற்று என்று வேண்டிக்கொள்வார். அது அவருக்குப் பயமுறுத்தும் தெய்வம், ஆனால் தெய்வம். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களோடு அந்தத் தெய்வம் கயானா வரை போயிருக்கிறது. இன்றும் அங்கே அதற்குப் பூசை நடக்கிறது. அந்தப் பெயரை டிரான்சில்வேனியப் பண்ணையாருக்குச் சூட்டியபோது நாம் யாரிடமும் கேட்கவில்லை. வகுப்பில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போதாவது இரண்டு நிமிடம் நின்று இதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆளப்பட்டவர்கள் தாங்களே சொன்ன இரத்தம் குடிக்கும் கதைகளும் உண்டு என்பதை நம் பாடத்திட்டம் அறிந்ததாகவே தெரியவில்லை. லூயிஸ் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர் காலனிக்காலக் கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பரவிய வதந்திகளைச் சேகரித்து 2000இல் நூலாக்கினார். தீயணைப்புப் படையினர் இரவில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் இரத்தம் எடுக்கிறார்கள், அது வெள்ளைக்காரர்களுக்காக என்று நைரோபியிலும் கம்பாலாவிலும் மக்கள் நம்பினார்கள். ஸ்வாஹிலியில் தீயணைப்பவர்களுக்கு 'வஸிமமோட்டோ' என்று பெயர். இரத்தம் எடுப்பவர்களுக்கும் அதே பெயர் நின்றது. ஒயிட் அந்தக் கதைகளை அறியாமை என்று ஒதுக்கவில்லை. உழைப்பையும் உடலையும் அரசு எப்படி எடுத்துக்கொண்டது என்பதைப் பேச மக்கள் கண்டெடுத்த மொழி அது என்று படித்தார். லண்டனின் கனவில் வரும் இரத்தக் காட்டேரியை நாம் முப்பது ஆண்டுகளாகக் கற்பிக்கிறோம். நைரோபித் தெருவில் ஒரு பெண் சிவப்பு வண்டியைப் பார்த்து ஓடி ஒளிந்ததை எந்த ஆண்டும் கற்பித்ததில்லை. பேரரசின் குற்றவுணர்ச்சி நமக்கு மனப்பாடம். பேரரசுக்குக் கீழே இருந்தவர்களின் பயம் நமக்குக் கேள்விப்படாத பாடம்.

அராட்டாவின் வாசிப்பில் எனக்கிருக்கும் கருத்து வேறுபாடு இந்த இடத்தில்தான். குற்றவுணர்ச்சி என்று சொல்லும்போது, குற்றம் செய்தவர் தன்னையே பார்த்துக்கொள்கிறார். கண்ணாடிக்கு முன் நிற்பவர் அவர். கண்ணாடியில் தெரிவதும் அவர். அந்த அறையில் மூன்றாமவர் ஒருவருக்கு இடமில்லை. அந்தக் கட்டுரை எழுதப்பட்ட இடத்தில் அது பெரிய முன்னேற்றம். இங்கிலாந்தின் வாசகரைத் தன் வரலாற்றுக்குப் பதில் சொல்ல வைத்தது. நாம் இருக்கும் இடத்திலிருந்து படிக்கும்போது அது பாதி வேலை. மீதியை நம் வகுப்பறைகள்தாம் செய்ய வேண்டும். அதற்குத் தேவையான அனுபவம் நம் மாணவர்களிடம் நிறையவே இருக்கிறது.

ஆகவே பாடத்திட்டக் குழுவினரிடம் என் வேண்டுகோள்கள். அராட்டாவின் கட்டுரையை எடுக்காதீர்கள். கையேட்டுச் சுருக்கத்துக்குப் பதிலாகக் கட்டுரையையே முழுமையாகப் படிக்க வையுங்கள். அதன் பக்கத்தில் ஹாரியட் பிராண்டின் கதையையும், ஒயிட்டின் நூலிலிருந்து ஓர் இயலையும், 'வேதாளக் கதை'யிலிருந்து இரண்டு கதைகளையும் சேருங்கள். இடமில்லை என்றால் அந்த அலகில் உள்ள கோட்பாட்டு அறிமுகங்களில் ஒன்றைக் குறையுங்கள். விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: நாவலின் சான்றோடு மாணவர் வேறொரு கோணத்தை நிறுவினால் முழு மதிப்பெண் வழங்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த விடைத்தாளுக்கு நான் ஒன்பது போட்டிருப்பேன்.

வரும் பருவத்துக்கான வினாத்தாள் அமைப்பவர்களுக்கு ஒரு கேள்வியை இங்கேயே எழுதி அனுப்புகிறேன். 'கோட்டை வாசலுக்கு வந்த தாய், சன்னலில் நின்ற ஹார்க்கரை அரக்கன் என்று அழைக்கிறாள். அவள் சொன்னது எந்த அளவுக்குத் தவறு? நாவலிலிருந்து சான்று தருக.' பத்து மதிப்பெண்.

அன்புடன்,
விடைத்தாள் திருத்திய ஆசிரியர்களில் ஒருவர்